ஐந்து நாள், ஒரே கடிகாரம்: அயர்லாந்தின் ராஸ் பந்தயத்தைப் புரிந்துகொள்ள

சைக்கிள் பந்தயம் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று கருத்துகள் தவறாமல் வந்துவிடும். "தினமும் யார் முதலில் வருகிறாரோ அவர்தான் சாம்பியன்." "நாலு மணி நேரம் கூட்டமாகச் சும்மா ஓட்டிவிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் போட்டி போடுகிறார்கள்." "ஆல்ப்ஸ் மாதிரி மலை இருந்தால்தான் பந்தயம், மற்றதெல்லாம் வெறும் ஊர்வலம்." மூன்றுமே தப்பு. இந்தத் தப்புகளோடு பார்க்கிறவர்களுக்கு இந்த விளையாட்டு அரை மணி நேரத்தில் சலித்துப்போவதில் ஆச்சரியமே இல்லை.

பல நாள் நடக்கும் பந்தயம் எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள எல்லாரும் டூர் டி பிரான்ஸைத்தான் காட்டுவார்கள். என் யோசனை வேறு. அயர்லாந்தின் கிராமப்புறச் சாலைகளில் நடக்கும் ராஸ் டெல்ட்யன் பந்தயத்தைப் பாருங்கள். அங்கே சுருக்கமாக ராஸ் என்பார்கள். அங்கே பெரிய மலை கிடையாது, பெரிய அணி கிடையாது, அகலமான சாலையும் கிடையாது. இந்த மூன்றும் இல்லாததால், பந்தயத்தை உண்மையில் நடத்துகிற இரண்டு சக்திகள் வெளிப்படையாகத் தெரியும். ஒன்று நேரம், இன்னொன்று காற்று.

முதலில் ராஸ் என்றால் என்ன

1953-ல் ஜோ கிறிஸ்ல் என்பவர் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டு டப்ளினிலிருந்து வெக்ஸ்ஃபோர்டு போய்த் திரும்பும் இரண்டு நாள் பந்தயம். அதில் வென்றவர் அவருடைய தம்பி கோல்ம் கிறிஸ்ல். அடுத்த ஆண்டே எட்டு நாளாக வளர்ந்து நாட்டைச் சுற்ற ஆரம்பித்தது. பல பத்தாண்டுகள் அந்த எட்டு நாள் வடிவம்தான் நிலைத்திருந்தது.

அந்தக் காலத்து அயர்லாந்தில் சைக்கிள் விளையாட்டும் அரசியலும் பிரிக்க முடியாதவை. கிறிஸ்ல் சார்ந்திருந்த தேசிய சைக்கிள் சங்கம், வடக்கையும் தெற்கையும் சேர்த்து முழுத் தீவுக்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது. அதனால் சர்வதேச சங்கத்தின் அங்கீகாரம் அதற்கு இல்லை, அதன் வீரர்கள் ஒலிம்பிக்கிலும் பங்கேற்க முடியவில்லை. 1956-ல் ராஸ் எல்லை தாண்டி, பிரிட்டன் வசமிருக்கும் வடக்கே போனபோது, குக்ஸ்டவுன் என்ற ஊரில் அயர்லாந்தின் மூவர்ணக் கொடியை வைத்து போலீஸாரோடு மோதலே வந்தது. நாட்டிலிருந்த வெவ்வேறு சைக்கிள் சங்கங்கள் 1970-களின் இறுதியில்தான் நெருங்கிவந்தன. வெளியே போய்ச் சர்வதேசப் பந்தயம் ஓட்ட முடியாத ஒரு தலைமுறை, தன் முழு பலத்தையும் இந்த ஒரு பந்தயத்தில் கொட்டியது. ராஸுக்கு அங்கே கிடைக்கும் மரியாதையின் வேர் அதுதான்.

2018 வரை எட்டு நாள் பந்தயமாகவே நடந்தது. பெரிய விளம்பரதாரர் கிடைக்காததால் 2019-ல் நடக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் கொரோனா. 2022-ல் ஐந்து நாள் பந்தயமாகத் திரும்பி வந்தது. அந்த ஆண்டு ரோஸ்காமன் மாவட்டத்துக்காரர் டாரி ஃபீலி வென்றார்.

யார் ஓட்டுகிறார்கள் என்பதுதான் இதில் விசேஷம். வெளிநாட்டு அணிகளும், சைக்கிள் ஓட்டிச் சம்பளம் வாங்குகிறவர்களும் வருவார்கள். அவர்களோடு அதே வரிசையில் மாவட்ட அணிகளும் நிற்கும். அங்கே 'கவுண்டி அணி' என்பார்கள். கெர்ரி, மேயோ, டைரோன் என்று ஊர்ப்பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஓட்டுகிறவர்கள். ஓர் அணிக்கு வழக்கமாக ஐந்து பேர். இந்த ஐந்து என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜெயிப்பது யார்: நேரக் கணக்கு

ஒவ்வொரு நாளும் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடியும் ஓட்டத்தை 'கட்டம்' என்போம். ஐந்து கட்டங்களையும் ஓட்டி முடிக்க ஒருவருக்கு மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது என்று கூட்டினால் வருவது அவருடைய 'மொத்த நேரம்'. யாருடைய மொத்த நேரம் மிகக் குறைவோ அவரே வெற்றியாளர். தினமும் ஓட்டம் முடிந்ததும் கூட்டிப் பார்த்து, அதுவரை முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் ஜெர்சி போடுவார்கள். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் ஓட்ட வேண்டும்.

பள்ளிக்கூடப் பரீட்சையை நினைத்துக்கொண்டால் எளிது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைதான் வகுப்பில் முதல் ரேங்க் என்று கட்டாயம் இல்லை. எந்தப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வாங்காமல், எல்லாவற்றிலும் தொண்ணூற்றைந்து எடுத்த பிள்ளை மொத்தத்தில் முதலாக வரலாம். ஒரு கட்டத்தை வெல்வது ஒரு பாடத்தில் முதலாக வருவது போல. பட்டம் மொத்தத்துக்குத்தான். இங்கே கூட்டுவது நேரத்தை என்பதால் குறைவாக இருப்பவர் மேலே இருப்பார், அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் பரீட்சையில் இல்லாத ஒரு விதி இங்கே உண்டு. பலருக்குக் குழப்பம் வருவது இதில்தான். இடைவெளி விடாமல் ஒரே குழுவாக எல்லைக்கோட்டைத் தாண்டுகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரம்தான் எழுதப்படும். குழுவின் முதல் ஆள் 4 மணி 10 நிமிடத்தில் வந்தால், அதே குழுவின் வாலில் பதினைந்து விநாடி கழித்து வருகிற எண்பதாவது ஆளுக்கும் 4 மணி 10 நிமிடம்தான். முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் நடுவே தெளிவான இடைவெளி விழுந்தால் மட்டும் கடிகாரம் அடுத்த குழுவுக்குப் புதிதாக ஒரு நேரம் எழுதும். பாதுகாப்புக்காக வைத்த விதி இது. இல்லாவிட்டால் ஒரு விநாடி நஷ்டமாகிவிடக் கூடாதென்று நூறு பேரும் கடைசி வளைவில் முண்டியடித்து விழுவார்கள். இதே காரணத்துக்காக, சமதளக் கட்டங்களின் கடைசி 3 கிலோமீட்டருக்குள் யாராவது விழுந்தாலோ பஞ்சரானாலோ, அப்போது எந்தக் குழுவில் இருந்தாரோ அந்தக் குழுவின் நேரமே அவருக்குக் கிடைக்கும்.

இதன் விளைவைப் பாருங்கள். 'அ' என்ற வேக வீரர் நான்கு நாள் கூட்டத்தோடு வந்து, கடைசி இருநூறு மீட்டரில் பாய்ந்து, நான்கு கட்டங்களையும் வெல்கிறார். 'ஆ' அந்த நான்கு நாளும் அதே கூட்டத்தில் நாற்பதாவது, ஐம்பதாவது ஆளாக வருகிறார். நேரத்தில் இருவரும் சமம். ஐந்தாவது நாள் 'ஆ' ஒரு சிறு குழுவோடு முன்னேறிப் போய் மூன்றாவதாக முடிக்கிறார், 'அ' இருக்கும் கூட்டம் 40 விநாடி கழித்து வருகிறது. ஒரு கட்டத்தைக்கூட வெல்லாத 'ஆ' பட்டத்தை வென்றுவிட்டார். சில பந்தயங்களில் முதல் மூவருக்குப் 10, 6, 4 விநாடி என்று சலுகையாகக் கழிப்பார்கள். அப்போது கணக்கு கொஞ்சம் மாறும், அடிப்படை மாறாது.

ஒவ்வொரு விநாடிக்கும் என்ன விலை என்பதற்கு ராஸின் புகழ்பெற்ற பிள்ளை ஒருவரையே சொல்லலாம். ஸ்டீஃபன் ரோச் 1979-ல் பத்தொன்பது வயதில் ராஸை வென்றவர். 1987-ல் டூர் டி பிரான்ஸில் ல பிளான்யே மலையேற்றக் கட்டத்தில் ஸ்பெயினின் பெத்ரோ டெல்கடோவிடம் பின்தங்கிப் போனார். ஒரு நேரத்தில் ஒன்றரை நிமிட அளவுக்கு இடைவெளி. கடைசிக் கிலோமீட்டர்களில் உயிரைக் கொடுத்து மிதித்து, டெல்கடோவுக்கு வெறும் 4 விநாடி பின்னால் கோட்டைத் தாண்டிக் கீழே சரிந்தார். ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். அன்றைய கட்டத்தை வென்றது அவரும் அல்ல, டெல்கடோவும் அல்ல, லாரன் ஃபின்யோன். ஆனாலும் அந்த டூரில் எல்லாரும் இன்றுவரை பேசுவது அந்த 4 விநாடியைத்தான். சில நாள் கழித்து டிஷோன் நகரில், ஒவ்வொருவராகத் தனியே ஓட்டும் நேர ஓட்டத்தில், 21 விநாடி பின்னாலிருந்து தொடங்கிய ரோச் டெல்கடோவைத் தாண்டிப் போய், டூரையே 40 விநாடியில் வென்றார்.

இதுவரை சொன்னது: பட்டம் மொத்த நேரத்துக்கு. குழுவாக வந்தால் எல்லாருக்கும் ஒரே நேரம். ஆகவே பட்டத்துக்கு ஆசைப்படுகிறவர் செய்ய வேண்டிய வேலை, எங்காவது ஒரு இடத்தில் தனக்கும் மற்றவர்களுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்குவது. அதைத் தடுப்பது காற்று.

கூட்டம் ஏன் கூட்டமாகப் போகிறது

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த எவருக்கும் இது தெரியும். இன்னொரு வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டால் கால் சட்டென்று லேசாகிவிடும். காற்றே வீசாத நாளிலும் இது உண்மை. மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போகிறவருக்கு அந்த வேகமே எதிர்க்காற்றாகிவிடுகிறது. சமதளத்தில் அந்த வேகத்தில் அவர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. சக்கர உராய்வு, செயின் உராய்வு எல்லாம் சிறு மிச்சம்.

காற்றின் தடை வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும், அதைத் தாண்டிப் போகத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்து கொடுக்க, பின்னால் இருப்பவர் அந்த நிழலில் பயணம் செய்வதை 'டிராஃப்டிங்' என்பார்கள். ஒருவர் பின்னால் நெருக்கமாகப் போனாலே மூன்றில் ஒரு பங்கு வரை சக்தி மிச்சம். பெரிய கூட்டத்தின் நடுவில் நிலைமை இன்னும் சுகம். 2018-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 வீரர்கள் அடங்கிய கூட்டத்தை ஆராய்ந்தார்கள். நடுவிலும் பின்பகுதியிலும் இருப்பவருக்கு, தனியாக ஓட்டுபவர் மேல் விழும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் விழுகிறது என்று கண்டார்கள்.

அந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்னால் தனியாகப் போகிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறார். பின்னால் நடுக்கூட்டத்தில் ஒருவர் அதே வேகத்தில், சட்டைப் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு வருகிறார். இந்தப் பெருங்கூட்டத்துக்குப் பெயர் 'பெலோட்டான்'. "சும்மா கூட்டமாகப் போகிறார்கள்" என்று நமக்குத் தோன்றும் மணி நேரங்களில் அங்கே நடப்பது சேமிப்பு. யார் எவ்வளவு மிச்சம் பிடித்தார், யாரை யார் காற்றில் நிறுத்திச் செலவழிக்க வைத்தார் என்பதுதான் அந்த நேரத்துப் போட்டி.

தப்பி ஓடுவது, துரத்துவது

கூட்டத்திலிருந்து ஒருவரோ சிலரோ பிய்த்துக்கொண்டு முன்னேறுவதை 'பிரேக்' என்பார்கள். மூன்று பேர் தப்பினால், முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் நின்று காற்றை வாங்குவார்கள். ஒருவர் அரை நிமிடம் இழுத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒதுங்கி வாலுக்குப் போவார், அடுத்தவர் இழுப்பார்.

துரத்தும் கூட்டத்தில் நூறு பேர் இருப்பதால் அவர்களுக்கு எப்போதும் வேகம் அதிகம் என்று நினைக்கலாம். எல்லாரும் மனது வைத்தால் உண்மைதான். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் கூட்டம் தப்பியவர்களைப் பிடிக்கும் என்று பந்தயம் பார்த்துப் பழகியவர்கள் ஒரு குத்துமதிப்பு வைத்திருக்கிறார்கள். 30 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது 5 நிமிடம் முன்னணி என்றால் தப்பித்துவிடுவார்கள், 2 நிமிடம் என்றால் பிடிபடுவார்கள்.

கேள்வி, யார் மனது வைப்பது? துரத்துவதற்கு ஒருவர் முன்னால் வந்து காற்றில் நின்றாக வேண்டும். நான் இழுத்தால் என் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் எதிரிக்கு இலவசச் சவாரி. ஆகவே ஒவ்வொரு அணியும் இன்னொரு அணியைப் பார்க்கும். வழக்கப்படி அந்தப் பொறுப்பு மஞ்சள் ஜெர்சி வைத்திருக்கும் அணியின் தலையில் விழும், இழப்பதற்கு அவர்களிடம்தானே இருக்கிறது.

இங்கேதான் அந்த ஐந்து என்ற எண் வருகிறது. டூர் டி பிரான்ஸில் ஓர் அணிக்கு எட்டுப் பேர், எல்லாரும் அதையே தொழிலாகச் செய்கிறவர்கள். தலைவரை நிழலில் வைத்துவிட்டு ஏழு பேர் மணிக்கணக்கில் முன்னால் நின்று வேகத்தைக் கட்டிப்போட முடியும். அதனால்தான் அங்கே தப்பியவர்கள் பெரும்பாலும் கோட்டுக்கு முன் பிடிபடுகிறார்கள். ராஸில் மஞ்சள் ஜெர்சிக்குத் துணை நான்கு பேர். இரண்டாம் நாள் ஒருவர் விழுந்து அடிபட்டிருப்பார், மூன்றாம் நாள் ஒருவருக்கு வயிறு சரியிருக்காது. மீதி இரண்டு பேர் எத்தனை பேரைத் துரத்த முடியும்? காலையில் பதினைந்து பேர் தப்பினால் மத்தியானத்துக்குள் பட்டியலே தலைகீழாகிவிடும். ராஸில் மஞ்சள் ஜெர்சியை முதல் நாளே வாங்குவது வரமா சாபமா என்று ரசிகர்கள் விவாதிப்பதற்கு இதுதான் காரணம்.

சுருக்கமாக: தப்புவது கால்பலத்தால், பிடிபடாமல் இருப்பது பின்னால் இருப்பவர்களுக்குள் ஒற்றுமை இல்லாததால். அணி சிறியதாக இருந்தால் பந்தயத்தை யாராலும் கட்டுப்படுத்த முடியாது.

பக்கக்காற்று வந்தால் எல்லாம் மாறும்

எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இதுவரை காற்று நேர் முன்னாலிருந்து வருவதாக வைத்துக்கொண்டோம். நிழல் நேர் பின்னால் விழும், எத்தனை பேர் வேண்டுமானாலும் வரிசையாக ஒளிந்துகொள்ளலாம். இப்போது காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று வையுங்கள். முன்னால் இருப்பவரின் நிழல் நேர் பின்னால் விழாமல், பின்னால் வலப்புறமாகச் சாய்ந்து விழும். இரண்டாமவர் அந்த நிழலுக்குள் இருக்க வேண்டுமென்றால் கொஞ்சம் வலது தள்ளி, தன் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தை ஒட்டி இருக்கும்படி ஓட்டுவார். மூன்றாமவர் இன்னும் வலது. இப்படிச் சாலையின் குறுக்கே ஒரு சாய்ந்த வரிசை உருவாகும். இதற்கு 'எஷலான்' என்று பெயர்.

சாலைக்கு ஓர் அகலம் இருக்கிறதல்லவா? சாய்ந்த வரிசை வலது ஓரத்தைத் தொட்டதும் இடம் தீர்ந்தது. அயர்லாந்தின் கிராமச் சாலையில் ஏழெட்டுப் பேரோடு நிரம்பிவிடும். அடுத்து வருகிறவருக்கு நிழல் வேண்டுமானால் புல்லில்தான் ஓட்ட வேண்டும். அவர் வேறு வழியின்றிச் சாலை ஓரத்தோடு நேர்வரிசையில் வருவார். அவருக்கு முன்னால் ஆள் இருந்தும் நிழல் இல்லை. அவர் பின்னால் இருப்பவருக்கும் இல்லை. கூட்டத்தில் இருந்துகொண்டே ஒவ்வொருவரும் தனியாக ஓட்டுவது போன்ற சிரமம். இரண்டு நிமிடம் தாங்கலாம், ஐந்து நிமிடம் தாங்கலாம். பிறகு ஒருவருடைய கால் விட்டுவிடும். முன்சக்கரத்துக்கும் முன்னவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் விழும், அது ஐந்து மீட்டராகும், பிறகு ஐம்பதாகும். அவருக்குப் பின்னால் இருக்கும் முப்பது பேரும் அவரோடு சேர்ந்து போச்சு. அவர்களில் பத்துப் பேர் இன்னும் பலத்தோடு இருந்திருக்கலாம், தவறான ஆளுக்குப் பின்னால் நின்றது மட்டுமே அவர்கள் செய்த குற்றம்.

பிழைக்க ஒரே வழி, பின்தங்கியவர்கள் உடனே தங்களுக்குள் இரண்டாவது சாய்வரிசை ஒன்றை அமைத்துக்கொள்வது. அனுபவசாலிகள் அதைச் சில விநாடிக்குள் செய்வார்கள். அப்படி அமைத்தாலும் அவர்கள் இனி வேறு குழு. அவர்களுக்குக் கடிகாரம் வேறு நேரம்தான் எழுதும்.

அயர்லாந்து இதற்கென்றே அமைந்த நாடு. அட்லாண்டிக் கடலிலிருந்து தென்மேற்குக் காற்று பெரும்பாலான நாளும் வீசுகிறது. சாலைகள் ஓயாமல் வளைகின்றன, ஐந்து கிலோமீட்டருக்குள் எதிர்க்காற்று பக்கக்காற்றாகி, பிறகு முதுகைத் தள்ளும் காற்றாகிவிடும். கிழக்கிலும் நடுப்பகுதியிலும் சாலையின் இருபுறமும் ஆளுயர வேலிச்செடி அடர்ந்திருக்கும், அதற்குள் காற்றே தெரியாது. திடீரென வேலி முடிந்து திறந்த சதுப்புநிலம் வரும். அந்த வேலி முடியும் இடம் தெரிந்த உள்ளூர்க்காரர், அதற்கு முன்பே கூட்டத்தின் முதல் பத்துப் பேருக்குள் வந்து நின்றுகொள்வார். தெரியாத வெளிநாட்டு வீரர் எழுபதாவது இடத்தில் நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். கிளேர், கால்வே பக்கம் போனால் வேலிச்செடிக்குப் பதில் இடுப்பளவு உயரக் கல்சுவர். அது ஆட்டை மறைக்கும், சைக்கிள்காரரை மறைக்காது.

சாலையின் மேற்பரப்பும் சேர்ந்துகொள்ளும். கிராமச் சாலைகளில் தாருக்கு மேல் பொடிக்கல்லைத் தூவி அழுத்தியிருப்பார்கள். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடாது, ஒவ்வொரு மிதிக்கும் கூலி கேட்கும். மிகச் சிறிய சாலைகளில் நட்டநடுவே புல் முளைத்து ஒரு கோடாக நிற்கும். அப்போது ஓட்டுவதற்கு இருப்பது இரண்டு தடங்கள் மட்டுமே, முன்னால் யாராவது தடுமாறினால் தாண்டிப்போக வழியில்லை. ஆகவே இங்கே முன்வரிசையில் இருப்பது பெருமைக்காக இல்லை, பிழைப்புக்காக.

மலைகள் பற்றி

அயர்லாந்தின் மிக உயரமான சிகரம் காரண்டூஹிலே 1,040 மீட்டரை எட்டாது. பந்தயம் ஏறும் கணவாய்கள் சில கிலோமீட்டர் நீளம்தான். கெர்ரியின் கானர் பாஸ், விக்லோ கேப், டோனகலின் மாமோர் கேப், கிளேரில் வளைந்து வளைந்து ஏறும் கார்க்ஸ்க்ரூ ஹில் ஆகியவை பேர்போனவை. மாமோர் கேப் குட்டையானது, ஆனால் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளலாமா என்று எண்ணவைக்கும் செங்குத்து.

ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் பங்கும் குறையும். ஒளிந்துகொள்ள நிழல் பெரிதாகப் பயன்படாது, உடல் எடையும் கால் பலமும் பேசும். ஆல்ப்ஸில் இருபது கிலோமீட்டர் ஏற்றத்தில் ஒருவர் பல நிமிடங்கள் சம்பாதிக்கலாம். இங்கே நாலு கிலோமீட்டர் ஏற்றத்தில் அரை நிமிடம் சம்பாதித்தாலும், உச்சியிலிருந்து கோடு வரை முப்பது கிலோமீட்டர் காற்றில் அதைக் காப்பாற்ற வேண்டும். அதனால் ராஸில் மலை பெரும்பாலும் கூட்டத்தை உடைக்கிற இடம். உடைந்ததை உடைந்தபடியே வைத்திருப்பது காற்றும் சாலையும்தான்.

தனி ஆளா, அணியா

பட்டம் ஒருவருக்கு, உழைப்பு ஐவருக்கு. தலைவருக்காகக் காற்றை வாங்குவது, பின்னால் வரும் அணிக் காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருவது, தலைவருக்குப் பஞ்சரானால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பது எல்லாம் துணை வீரர்களின் வேலை. அவர்கள் பெயர் முடிவுப் பட்டியலில் எழுபதாவது எண்பதாவதாக இருக்கும். அதை வைத்து அவர்களை மட்டமாக எடைபோடக் கூடாது.

சில நேரம் அந்த வேலையே ஒருவரைத் தூக்கிவிடும். 2015-ல் ராஸை வென்ற ஆஸ்திரிய வீரர் லூகாஸ் பெஸ்ட்ல்பெர்கர், 2017-ல் இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவின் முதல் நாள் கடைசிக் கிலோமீட்டரில் தன் அணியின் அயர்லாந்து வேக வீரர் சாம் பென்னட்டுக்காக முன்னால் இழுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் பின்னால் இடைவெளி. நிறுத்தாமல் மிதித்துப் போய் அந்தக் கட்டத்தை வென்று தலைவர் ஜெர்சியும் போட்டுக்கொண்டார்.

துணையே இல்லாமல் வென்ற கதையும் ராஸில் உண்டு. 1958-ல் கெர்ரி அணியின் மிக் மர்ஃபி. கல்லைத் தூக்கி உடம்பை வளர்த்தவர், சந்தைகளில் வித்தை காட்டிப் பிழைத்தவர். மஞ்சள் ஜெர்சியோடு போய்க்கொண்டிருந்தபோது அவருடைய பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் (செயின் சுற்றும் பல்சக்கரம்) உடைந்தது, அணிக் கார் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பக்கத்திலிருந்த ஒரு விவசாயியின் சாதாரண சைக்கிளை எடுத்துக்கொண்டு துரத்தினார். வழியில் பந்தய சைக்கிள் கிடைத்ததும் மாறிக்கொண்டு கூட்டத்தை எட்டிப் பிடித்தார். பிறகு விழுந்து காறை எலும்பு முறிந்தது. அந்த எலும்போடு மீதி நாட்களை ஓட்டிப் பட்டத்தையும் வென்றார். அயர்லாந்தில் இந்தக் கதை தெரியாத சைக்கிள்காரர் இருக்க மாட்டார். புதிதாகப் பார்க்கிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் அவர் ஏன் அப்படித் துரத்தினார் என்பது. கூட்டத்தை மறுபடி தொட்டுவிட்டால் அவர்களுடைய நேரமே அவருக்கும். தொடாமல் விட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நேரம் போய்க்கொண்டே இருக்கும்.

மற்ற ஜெர்சிகள்

மஞ்சளைத் தவிர வேறு நிறங்களும் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் பிடிக்கும் இடத்துக்குப் புள்ளி கொடுத்து, அதிகப் புள்ளி சேர்த்தவருக்கு ஒரு ஜெர்சி. மலையுச்சியை முதலில் தொடுகிறவர்களுக்குப் புள்ளி கொடுத்து அதற்கு ஒன்று. இளம் வீரர்களில் முந்தியவருக்கு ஒன்று. இவற்றில் நேரக் கணக்கைப் பார்ப்பது இளம் வீரர் ஜெர்சி மட்டும்தான், மற்ற இரண்டும் புள்ளிக் கணக்கு. மேலே சொன்ன நம்முடைய 'அ' வெறுங்கையோடு வீடு திரும்ப மாட்டார், புள்ளி ஜெர்சி அவருக்குத்தான்.

முடிவுப் பட்டியலைப் படிக்கும் முறை

இனி ராஸின் ஒரு நாள் முடிவைப் பார்த்தால் இரண்டு பட்டியல் இருக்கும். முதலாவது அன்றைய கட்டத்தின் முடிவு. முதல் ஆளுக்கு முழு நேரம் போட்டிருக்கும், அடுத்தவர்களுக்கு 'அதே நேரம்' என்ற குறியோ எத்தனை விநாடி பின்னால் என்ற எண்ணோ இருக்கும். அந்த எண் எங்கே தாவுகிறது என்று பாருங்கள். ஒன்பதாவது ஆள் வரை அதே நேரம், பத்தாவது ஆளிலிருந்து 52 விநாடி என்றிருந்தால், ஒன்பது பேர் கொண்ட பிரேக் தப்பிவிட்டது என்று பொருள். பல இடங்களில் சிறிது சிறிதாகத் தாவினால் அன்று காற்றோ மலையோ கூட்டத்தைத் துண்டு துண்டாக்கியிருக்கிறது. தொண்ணூறு பேருக்கும் அதே நேரம் என்றால் மொத்தக் கூட்டமும் சேர்ந்தே வந்திருக்கிறது.

இரண்டாவது பட்டியல் மொத்த நேரம். முதல் பட்டியலில் தாவிய ஒன்பது பேரில் யாராவது இங்கே மேலேறியிருக்கிறார்களா என்று தேடினால் நாளைய பந்தயம் யாரைச் சுற்றி நடக்கும் என்று தெரிந்துவிடும். கடைசியில் சில பெயர்களுக்கு நேரமே இருக்காது. அவர்கள் பாதியில் விலகியவர்கள், அல்லது வெற்றியாளரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டி வைத்த கால வரம்பைத் தாண்டி வந்து வெளியேற்றப்பட்டவர்கள்.

அதற்குக் கீழே இன்னொரு சிறு பட்டியல் இருக்கும், மாவட்ட வீரர்களில் முதலாக வந்தவர் யார் என்று. சம்பளம் வாங்கி ஓட்டுகிறவர்களை விட்டுவிட்டு, கவுண்டி சட்டைக்காரர்களை மட்டும் வரிசைப்படுத்துவது. நான்கு முறை பட்டம் வென்ற ஷே ஓ'ஹேன்லன் காலத்தில், அதாவது 1962-லும் 1965 முதல் 1967 வரையும், இந்தத் தனிப் பட்டியலின் தேவை அவ்வளவாக இல்லை. வெளிநாட்டு அணிகள் பெருகிய பிறகுதான் இதற்குப் பெருமதிப்பு வந்தது. தங்கள் ஊர்க்காரர் பெயர் அதில் எத்தனையாவதாக இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே பந்தயத்தைத் தொடர்கிறவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். நீங்களும் ஒரு கவுண்டியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதன் ஐந்து பேரையும் முதல் நாளிலிருந்து தொடர்ந்து பாருங்கள். யார் காற்றில் நின்றார், யார் ஒளிந்திருந்தார், யாருக்காக யார் நேரத்தை இழந்தார் என்பதெல்லாம் மூன்றாம் நாளுக்குள் எண்களிலேயே தெரிய ஆரம்பிக்கும்.